ஒரு நூலுக்கு ஒரு மணி

எங்கள் மொட்டைமாடியில் மக்காச்சோளம் பூக்கிற வாரத்தில் காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை என்னை யாரும் போனில் பிடிக்க முடியாது. கையில் பழுப்புக் காகித உறை, தலையில் துண்டு, சட்டைப் பையில் கத்தரிக்கோல். செடிக்குச் செடி போய் ஆண் பூவைத் தட்டி, மகரந்தத்தைச் சேர்த்து, கதிரின் நூலில் என் கையாலேயே தூவிக்கொண்டிருப்பேன். தக்காளி, கத்தரி, கீரை, புடலை எல்லாம் போட்டுப் பார்த்தவன் நான். சத்தியமாகச் சொல்கிறேன், தோட்டத்தில் இதற்கு ஈடான சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

பூசணிக்கும் பாகலுக்கும் மகரந்தம் தொட்டு வைப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்த்தால் ஒரு காய். அதோடு கதை முடிந்தது. மக்காச்சோளத்தில் கணக்கே வேறு. கதிரை உரிக்கும்போது எரிச்சலோடு பிய்த்துக் குப்பையில் போடுகிறோமே அந்தப் பட்டு நூல் கற்றை, அதில் உள்ள ஒவ்வொரு நூலும் உறைக்குள் ஒளிந்திருக்கும் ஒரேயொரு சூலிலிருந்து கிளம்பி வருகிறது. அந்த நூலில் ஒரு மகரந்தத் துகள் ஒட்டி முளைத்தால் அங்கே ஒரு மணி பிடிக்கும். ஒட்டாவிட்டால் அந்த இடம் காலி. நன்றாகப் பிடித்த இனிப்புச் சோளக் கதிரில் 400 முதல் 600 மணி வரை இருக்கும். அத்தனைக்கும் தனித்தனி நூல், தனித்தனித் துகள். ஒருவர் சாப்பிடும் ஒற்றைக் கதிருக்குப் பின்னால் ஐந்நூறு தனிச் சம்பவங்கள்! இதைத் தெரிந்துகொண்ட பிறகு பேருந்து நிலையத்து வண்டியில் சுட்டு விற்கும் சோளத்தைக்கூட என்னால் சாதாரணமாகக் கடிக்க முடிவதில்லை.

கடிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கதிரைச் சுற்றி மணி வரிசைகளை எண்ணுங்கள். 12 இருக்கும், 14 இருக்கும், 16, 18 இருக்கும். 13-ஓ 15-ஓ அநேகமாக வராது. கதிரில் பெண் பூக்கள் எப்போதும் ஜோடியாகவே உருவாகின்றன, அதனால் வரிசையும் இரட்டைப்படைதான். வீட்டுக்கு வரும் குழந்தைகளிடம் இதை வைத்து நான் பந்தயம் கட்டுவதுண்டு. இதுவரை தோற்றதில்லை.

ஆண் பக்கத்துக் கணக்கு இன்னும் தலை சுற்றும். செடியின் உச்சியில் விரியும் பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். ஒவ்வொன்றிலும் மூன்று மகரந்தப் பைகள் நீளமான காம்பில் தொங்கும். பையின் நுனியில் துளை திறந்து மகரந்தம் கொட்டும். ஒரு பூங்கொத்து உதிர்க்கும் துகள்கள் குறைந்தது 20 லட்சம் இருக்கும். 2.5 கோடி வரை போகும் என்று சொல்பவர்களும் உண்டு. குறைந்த கணக்கையே வைத்துக்கொண்டாலும் ஒரு நூலுக்கு நாலாயிரம் துகள் வீதம் செடி வாரி இறைக்கிறது.

இவ்வளவு இறைத்தும் வீட்டுத் தோட்டத்துக் கதிர் மட்டும் ஏன் பாட்டியின் பொக்கை வாயாகவே வாய்க்கிறது?

காரணம் இடமும் நேரமும். தானியப் பயிர்களில் மக்காச்சோள மகரந்தம் பெரியது, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கனமானது என்பதால் வெகுதூரம் மிதக்காது, தாய்ச்செடியிலிருந்து சில மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் விழுந்துவிடும். ஆயிரக்கணக்கான செடி நெருக்கி நிற்கும் காட்டில் இதனால் நஷ்டம் இல்லை. எங்கே விழுந்தாலும் அங்கே ஒரு நூல் இருக்கும். மாடியில் இருபது செடி வைத்திருப்பவருக்குத்தான் வினை. பாதி மகரந்தம் தளத்தில் விழும், மீதி கைப்பிடிச் சுவர் தாண்டிப் போகும். நான் இருப்பது கோயம்புத்தூர். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மியே பறக்கும் என்கிற காற்றில் மகரந்தம் என்ன பாடு படும்! வைகாசி கடைசியில் விதைத்தால் பூ சரியாக அந்தக் காற்றில்தான் வந்து மாட்டும். எங்கள் வீட்டு மகரந்தம் எதிர்வீட்டுக் கார் கண்ணாடியில் மஞ்சளாகப் படிந்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நேரம் இன்னொரு சிக்கல். ஒரே செடியில் ஆண் பூ முந்திக்கொள்ளும். நூல் ஒன்றிரண்டு நாள் தாமதமாக எட்டிப் பார்க்கும். வெயிலும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் நூல் இன்னும் பிந்தும், ஆண் பூவோ காத்திருக்காது. ஒரு பூங்கொத்து ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக உதிர்த்து ஓய்ந்துவிடும். உதிர்ந்த துகளின் ஆயுளும் குறைவு. குளிர்ந்த, ஈரப்பதமான நாளில் ஒரு நாள் வரை தாங்கலாம். நம் ஊர் வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் உயிரோடிருந்தால் பெரிது.

தேனீ உதவுமே என்று கேட்பீர்கள். கொசுத்தேனீக்கள் ஆண் பூவை மொய்க்கும், பின்னங்காலில் மஞ்சள் உருண்டையோடு பறக்கும். பார்க்க அழகுதான், பிரயோஜனம் இல்லை. நூலில் தேன் கிடையாது, அதனால் அந்தப் பக்கம் அவை திரும்பியே பார்ப்பதில்லை. காற்று சொதப்பினால் மிச்சம் இருப்பது நம் கைதான்.

உடுமலைப் பக்கம் ஏக்கர் கணக்கில் மக்காச்சோளம் போடுகிற என் மாமாவுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு. அவர் காட்டில் விளைவது கோழித் தீவனத்துக்கு மூட்டை மூட்டையாகப் போகிறது. ஒருமுறை மாடிக்கு வந்து நான் உறையும் கையுமாக நிற்பதைப் பார்த்தார்.

“ஏம் மாப்ள, அது என்ன, சோளத்துக்குச் சோறு ஊட்டி விடறியா?”

“ஊட்டலைங்க மாமா, மகரந்தம் போடறேன்.”

“நாங்க இத்தனை வருசமா காடு காடாப் போடறோம். ஒரு நாளாச்சும் இப்படி ஒரு வேலை செஞ்சிருக்கமா? காத்து பாத்துக்கும் போடா.”

அவர் சொல்வது அவர் காட்டுக்குச் சரி. என் மாடிக்கு அது பொருந்தாது. இதற்கு நான் பதில் சொன்ன விதத்தைப் பின்னால் சொல்கிறேன், அது வேறு ஒரு வேடிக்கை.

வேலையை விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஒவ்வொரு அடியும் ருசி.

காலையில் பனி உலர்ந்ததும் மேலே போக வேண்டும். ஈரத்தோடு இருக்கும்போது பைகள் திறக்காது, ஈரம் பட்ட மகரந்தமும் வெடித்து வீணாகும். ஆண் பூங்கொத்தில் முதலில் திறப்பது நடுக்குச்சியின் நடுப்பகுதி. அங்கே மகரந்தப் பைகள் வெளியே வந்து தொங்கி ஆட ஆரம்பித்துவிட்டதா என்று பாருங்கள். ஆடினால் கச்சேரி ஆரம்பம். அதன் பிறகு மேலும் கீழும், பக்கக் கிளைகளிலும் நாளுக்கு நாள் பரவும்.

பூங்கொத்தை மெல்ல வளைத்து, மளிகைக் கடைக் காகித உறைக்குள் தலையை நுழைத்து, உறையின் வாயைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டுங்கள். உள்ளே மழைத் தூறல் சத்தம் கேட்கும். அது மகரந்தத்தோடு உதிரும் பைகளின் சத்தம். இந்தச் சத்தத்துக்காகவே வருடா வருடம் சோளம் போடலாம்! ஐந்தாறு செடியில் சேர்த்தால் உறையின் அடியில் வெளிர் மஞ்சளாக அரைத் தேக்கரண்டி மாவு நிற்கும். வடஅமெரிக்காவில் நவாஹோ பழங்குடி மக்கள் இந்த மாவைப் புனிதப் பொருளாகச் சேர்த்து வைத்து, வேண்டுதலின்போது தூவுகிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தவருக்கு அதன் காரணம் புரியும்.

பாலித்தீன் உறை கூடவே கூடாது. உள்ளே வியர்த்து மகரந்தம் கட்டியாகிவிடும். வெறும் பைகளைப் பிரித்தெடுக்க டீ வடிகட்டி போதும். சலித்த மாவைக் கதிரின் நூல்மேல் எல்லாப் பக்கமும் படும்படி தூவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூவினால் அடியில் மறைந்த நூல்கள் பட்டினி. விரலால் கற்றையைப் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டே தூவுவேன். நூலில் கண்ணுக்குத் தெரியாத மென்மயிர்கள் உண்டு, துகளை அவை பிடித்து வைத்துக்கொள்ளும்.

வண்ணம் தீட்டும் தூரிகையால் செய்யச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாதி மகரந்தம் தூரிகை மயிரிலேயே தங்கிவிடுகிறது. அவசரமானால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பூங்கொத்தில் ஒரே ஒரு பக்கக் கிளையை மட்டும் ஒடித்து, அதையே நூல்மேல் தடவி விடுங்கள். மீதிக் கிளைகள் செடியிலேயே இருந்து நாளைக்கும் மகரந்தம் தரும். அலுவலகத்துக்கு ஓடுகிற நாட்களில் இதுதான் என் வழி.

இதை ஒரு நாளில் முடிக்க முடியாது. கதிரின் அடிப்பகுதி மணிகளின் நூல் முதலில் வெளிவரும், நுனி மணிகளின் நூல் கடைசியில். முழுக் கற்றையும் வெளியே வர நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும். நுனியில் சொட்டையாக இருக்கும் கதிர்களில் பாதி இந்தக் கடைசி நாட்களைத் தவற விட்டவை. ஆகவே தினமும் ஒரு சுற்று வர வேண்டும். நூல் ரொம்ப நீண்டு குழம்பிக் கிடந்தால் மாலையில் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டி விடுங்கள். பயப்பட வேண்டாம், நூல் அதன் நீளம் முழுக்க மகரந்தத்தை ஏற்கும், நுனியில் மட்டும் அல்ல. மறுநாள் காலை சீராக ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்து நிற்கும், தூவ அவ்வளவு வசதி.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், தோகை கையை அறுக்கும். மகரந்தம் மேலே பட்டால் சிலருக்கு அரிக்கும். அந்த வாரத்தில் வேப்பெண்ணெய், பஞ்சகவ்யம், எதையும் மேலிருந்து தெளிக்காதீர்கள். தண்ணீரை வேருக்கு மட்டும், தாராளமாக. செடிகளை ஒற்றை வரிசையாகச் சுவரோரம் நிறுத்தாமல் சதுரமாகக் கூட்டி வையுங்கள், காற்றும் கொஞ்சம் உங்களுக்கு வேலை செய்யும். ஒரு வாரம் தள்ளி நாலைந்து விதை தனியாக ஊன்றி வைத்தால், பிந்தி நூல் விடும் கதிர்களுக்கு மகரந்தத் தட்டுப்பாடு வராது. 2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு மாடியையும் விடுவதில்லை, குருத்தைத் தினம் பார்க்க வேண்டும். அந்தக் கதையை இன்னொரு நாள் பேசலாம்.

தூவியாகிவிட்டது. அடுத்து நடப்பதைத்தான் என்னால் இன்றுவரை நிதானமாகச் சொல்ல முடிவதில்லை. நூலில் ஒட்டிய துகள் சில நிமிடங்களில் முளைக்கிறது! அதிலிருந்து ஒரு குழல் கிளம்பி, நூலுக்குள்ளேயே கீழ்நோக்கி வளர்கிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் இருந்த துகள், இருபது சென்டிமீட்டர் தூரம் போக வேண்டும், தன் அளவைப்போல் இரண்டாயிரம் மடங்கு. இதைச் சுமார் ஒரு நாளில் முடித்துவிடுகிறது. ஒரே நூலில் பல துகள்கள் முளைத்துப் போட்டி போடலாம், சூலுக்குள் நுழைவது ஒன்று மட்டுமே. நான் கீழே வந்து குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போய், தூங்கி எழுவதற்குள் மாடியில் ஆயிரக்கணக்கான குழல்கள் இருட்டில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. இதை நினைத்தால் அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடாது.

வேலை முடிந்ததும் நூல் தன் சூலிலிருந்து தானாகக் கழன்றுகொள்ளும். மகரந்தம் கிடைக்காத நூல் நாளுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வீதம் நீண்டுகொண்டே போகும். ஆகவே நீளமாக, பச்சையாக, பளபளப்பாகத் தொங்கும் நூலைப் பார்த்து யாராவது சந்தோஷப்பட்டால் அது ஏமாற்று. வாடிச் சுருங்கிப் பழுப்பாவதுதான் நல்ல செய்தி. சந்தேகம் தீர விவசாய விஞ்ஞானிகள் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. தூவி நாலைந்து நாள் கழித்து ஒரு கதிரைத் தியாகம் செய்யுங்கள். அடியிலிருந்து நுனிவரை கத்தியால் உறையை மட்டும் கீறி, நூலைத் தொடாமல் மெல்லப் பிரியுங்கள். பிறகு கதிரைக் கிடையாகப் பிடித்து லேசாக உதறுங்கள். கருவுற்ற மணிகளின் நூல் பொலபொலவென்று உதிரும். ஒட்டிக்கொண்டு நிற்கும் நூல் ஒவ்வொன்றும் ஒரு காலி இடம். பக்கத்து மாடி அக்கா துணி காயப்போட வந்தவர் இதை ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். “ஏனுங்க தம்பி, ஒண்ணு கூட ஒட்டலைங்களே!” என்று அவர் கத்தியதும் நான் குதித்ததும் கீழ்வீடுவரை கேட்டிருக்கும். அடுத்த போகத்துக்கு அவரும் என்னிடம் விதை கேட்டு வாங்கிப் போனார்.

இனி மாமாவுக்குச் சொன்ன பதில்.

விதைத் திருவிழா ஒன்றில் கருநிற மணி உள்ள மக்காச்சோள விதை கொஞ்சம் கிடைத்தது. மாடியின் ஒரு மூலையில் அதையும், மறுமூலையில் மஞ்சள் இனிப்புச் சோளத்தையும் போட்டேன். இனிப்புச் சோளத்தில் ஒரு கதிரைத் தேர்ந்தெடுத்து, நூல் வெளிவருவதற்கு முன்பே அதை வெண்ணெய்த்தாள் உறையால் மூடிவிட்டேன். முதல் நூல்கள் வந்ததும் உறையைத் திறந்து மஞ்சள் சோளத்தின் மகரந்தத்தைத் தூவி மறுபடி மூடினேன். சில நாள் கழித்து மீதி நூல்கள் வந்தபோது, கருஞ்சோளத்தின் மகரந்தத்தைத் தூவினேன். பிறகு அந்தக் கதிரை முற்றிக் காயும்வரை செடியிலேயே விட்டேன்.

மாமா வந்தபோது அவர் கையிலேயே கொடுத்து உரிக்கச் சொன்னேன். அடிப்பாதி மஞ்சள். நுனிப்பாதி கருப்பு. நடுவில் இரண்டும் கலந்த ஒரு பட்டை. கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதென்றா இது, சாயம் போட்டியா?”

“தடவிப் பாருங்க மாமா.”

மஞ்சள் மணிகள் காய்ந்து சுருங்கி இருந்தன. கருப்பு மணிகள் வழுவழுவென்று உருண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே எந்த மணிக்கு யார் அப்பன் என்று சொல்லிவிடலாம்!

மாம்பழத்தில் இது நடக்காது. எந்த மரத்து மகரந்தம் வந்தாலும் தாய்மரம் தருகிற அதே பழம்தான் கிடைக்கும், அப்பனின் குணம் விதைக்குள் அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கும். மக்காச்சோளத்தில் நாம் தின்பதே விதையை. ஒரு மகரந்தக் குழல் இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டுவருகிறது. ஒன்று கருமுட்டையோடு சேர்ந்து முளைக்கரு ஆகிறது. மற்றொன்று வேறு இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, மணியை நிரப்பும் மாவுப் பகுதியாகிறது. அதனால் அப்பனின் நிறமும் சுவையும் அதே கதிரில், அதே போகத்தில் தெரிந்துவிடும். இந்த இரட்டைக் கருவுறுதலை ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் நவாஷின் 1898-இல் லில்லி இனத்துப் பூக்களில் கண்டுபிடித்தார். மறு வருடமே ஹியூகோ டி விரீஸும் கார்ல் கொரன்ஸும் மக்காச்சோள மணிகளின் நிறக் கலப்புக்கு இதுதான் காரணம் என்று தனித்தனியே எழுதினார்கள். அதற்கடுத்த வருடம், 1900-இல், மெண்டலின் மறந்துபோன வேலையை உலகுக்கு மீட்டுக் கொடுத்தவர்களும் இவர்களே.

இனிப்புச் சோளத்தின் இனிப்பே மரபணுவில் ஒரு கோளாறு. சர்க்கரையை மாவாக மாற்றும் வேலை அதில் சரியாக நடப்பதில்லை, அதனால் சர்க்கரை தேங்கி நிற்கிறது. சாதாரணச் சோளத்தின் மகரந்தம் விழுந்தால் வேலை செய்கிற மரபணு உள்ளே வந்துவிடும், மணி மாவாகிவிடும். இனிப்புப் போச்சு. மாமா தன் காட்டுக்கு நடுவே நாலு வரிசை இனிப்புச் சோளம் போட்டால் சுற்றியுள்ள தீவனச் சோளத்தின் மகரந்தம் அதைச் சும்மா விடுமா? இரண்டுக்கும் பூக்கும் காலம் இரண்டு வாரமாவது விலகியிருக்க வேண்டும், அல்லது நல்ல தூரம் வேண்டும். அவருடைய காத்து பாத்துக்கும்தான், என்ன, தப்பாகப் பார்த்துக்கும். சுற்றிலும் கான்கிரீட் மட்டுமே உள்ள என் மாடியில் அந்தத் தொல்லை இல்லை. காட்டில் முடியாததை மாடியில் செய்துவிட்டேன் என்று நான் சொன்னபோது மாமா பேச்சை மாற்றி, காபி கேட்டார்.

கையாலேயே மகரந்தம் தூவி உலகத்தையே திருப்பிப் போட்ட ஒரு பெண்மணி உண்டு, பார்பரா மெக்ளின்டாக். நியூயார்க் மாகாணத்தில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் சோளத்தைத் தானே விதைத்து, தானே மகரந்தம் சேர்த்து, ஒவ்வொரு கதிரின் மணிகளிலும் உள்ள புள்ளிகளையும் கோடுகளையும் வருடக்கணக்கில் படித்தார். மரபணுக்கள் நிலையாக ஓரிடத்தில் இருப்பவை என்று எல்லாரும் நம்பிய காலத்தில், சில இடம் மாறித் தாவுகின்றன என்று சொன்னார். பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1983-இல் மருத்துவ நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 81. பரிசை யாரோடும் பங்கிடவில்லை. அதே கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில்தான் ஜார்ஜ் ஷல் 1908-இல் தன் சோளச் சோதனையை வெளியிட்டார். தன் மகரந்தத்தையே திரும்பத் திரும்பப் பெறும் செடிகள் தலைமுறைக்குத் தலைமுறை மெலிகின்றன, அப்படி மெலிந்த இரண்டு வரிசைகளைக் கலந்தால் பிள்ளைகள் திமிறிக்கொண்டு வளர்கின்றன என்றார். இன்று உலகம் முழுக்க விதைக்கும் வீரிய ஒட்டுச் சோளத்துக்கு அதுவே ஆரம்பம். எங்கள் ஊர் வேளாண் பல்கலைக்கழகம் உட்பட, புது ஒட்டு ரகம் உருவாக்கும் எந்த இடத்திலும் இன்றும் கருவி காகித உறையும் மனிதக் கையும்தான். அதே கருவியோடு நானும் லுங்கியில் மாடியில் நிற்கிறேன் என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஷல் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். நாட்டு ரகத்தில் விதை எடுக்க நினைத்தால் ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் கதிருக்கே போடாதீர்கள். எல்லாச் செடியின் மகரந்தத்தையும் ஒரே உறையில் கலந்து, எல்லாக் கதிருக்கும் கொடுங்கள். விதையையும் ஒரே அழகான கதிரிலிருந்து எடுக்காமல் பல கதிரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கடையில் வாங்கும் ஒட்டு இனிப்புச் சோளத்தில் விதை எடுத்துப் பயன் இல்லை, அடுத்த தலைமுறை ஆளுக்கொரு பக்கம் போகும்.

செடியில் இரண்டாவதாக எட்டிப் பார்க்கும் கதிர், மாடியில் வளர்ப்புப் பையில் பெரும்பாலும் தேறாது. அதை நூல் வந்ததுமே பறித்துவிடுகிறேன். மகரந்தமே படாத அந்தக் குட்டிக் கதிர்தான் கடையில் பேபி கார்ன் என்று விற்பது. பஜ்ஜிக்கு அருமை.

பெரிய கதிர்களை, நூல் வந்து மூன்று வாரம் நெருங்கும்போது தினம் தொட்டுப் பார்க்க வேண்டும். நூல் கருகியிருக்கும், உறை பச்சையாகவே இருக்கும். நுனியில் கொஞ்சம் பிரித்து, நகத்தால் ஒரு மணியைக் குத்தினால் பால் தெறிக்க வேண்டும். தண்ணீராக வந்தால் இன்னும் நாள் இருக்கிறது, மாவாக வந்தால் நாள் போய்விட்டது. கிளிக்கும் அணிலுக்கும் இந்தத் தேர்வு நம்மைவிட நன்றாகத் தெரியும் என்பதால் கதிர்களுக்குத் துணிப் பை கட்டிவிடுகிறேன். பறித்த நிமிடத்திலிருந்து சர்க்கரை குறைய ஆரம்பிக்கும். பழைய இனிப்பு ரகங்களில் வெயில் காலத்தில் ஒரே நாளில் பாதி போய்விடும். ஆகவே அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் நான் மாடிப்படி ஏறுவேன். ஐந்து நிமிட வேக்காடு. உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சை எல்லாம் வீட்டில் மற்றவர்களுக்கு. எனக்கு எதுவும் வேண்டாம். அடியிலிருந்து நுனிவரை ஒரு மணிகூட விடுபடாமல் நிரம்பிய கதிர், என் கையால் நிரம்பிய கதிர், வாயில் வைத்தால் பால் பீறிடுகிறது. சந்தைச் சோளம் சாப்பிடும் நண்பர்களுக்கு இந்தச் சுவையை நான் விளக்கிப் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் விளக்குவதில்லை, மாடிக்கு அழைத்து வந்து ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

வருகிற போகத்துக்கு வெண்மணிச் சோள விதை தேடி வைத்திருக்கிறேன். மணியை நிரப்பும் மாவுப் பகுதியில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. அப்படியானால் வெள்ளைக் கதிருக்கு மஞ்சள் மகரந்தம் போட்டால் வெளிர் மஞ்சளும், மஞ்சள் கதிருக்கு வெள்ளை மகரந்தம் போட்டால் அதைவிட அழுத்தமான மஞ்சளும் வர வேண்டும். இரண்டு கதிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாமாவுக்குக் காட்டப் போகிறேன். அவரும் இப்போதெல்லாம் போனில், “பூ வந்திருச்சா மாப்ள?” என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற விஷயம் பேசுகிறார்.